ஒதுங்க ஒரு செடி

அன்புள்ள வாசகருக்கு,

ஆணாகிய நீங்கள், பழக்கமில்லாத ஊர்ப் பெண் ஒருத்தியை ‘நான்’ என்று பேசவைத்துக் கதை எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எழுதலாம். தமிழுக்கு இது புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவியாகவும் தோழியாகவும் பேசியவர்களில் பெரும்பாலோர் ஆண் புலவர்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகியாகி உருகினார். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலைத் தாங்கி நிற்பவள், துணி வெளுக்கும் ஆரோக்கியம்.

ஆனால், எழுதலாம் என்பதோடு என் பதில் முடியவில்லை. பல வருடங்களுக்கு முன், தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினேன். வெயில், கால் வெடிப்பு, கண்கூச்சம், கூலிப் பாக்கி எல்லாம் அதில் இருந்தன. அச்சுக்கு அனுப்புமுன், அளத்தில் இருபது வருடம் உப்பு வாரிய ஓர் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். நடுப்பகலில் என் நாயகி ஒரு செம்புத் தண்ணீரை மடமடவென்று குடிக்கும் இடம் வந்ததும் அவர் கைகாட்டி நிறுத்தினார்.

“இவ்வளவு தண்ணி குடிச்சா எங்க போய் ஒதுங்குவா, தம்பி? அளத்துல மறைவுக்கு ஒரு செடி உண்டா? வீடு போற வரைக்கும் நாக்க நனைச்சிக்கிடுவோம், அவ்வளவுதான்.”

அவளுடைய தாகம் எனக்குத் தெரிந்திருந்தது. அவள் அதை ஏன் அடக்குகிறாள் என்பது தெரியவில்லை. எந்த வேலியோரமும் திரும்பி நின்றுகொள்ள முடிகிற ஆண் நான். அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதவில்லை. நாள் முழுக்கத் தாகத்தை அடக்குகிறவளின் நடை வேறு, கோபம் வேறு, பேச்சும் வேறு. முழுக் கதையையும் மறுபடி எழுதினேன்.

அதே உப்பள மக்களைப் பற்றித்தான் ராஜம் கிருஷ்ணன் ‘கரிப்பு மணிகள்’ (1979) எழுதினார். நீலகிரிப் படகர்களின் வாழ்வை ‘குறிஞ்சித் தேன்’ நாவலாக்கியவரும் அவரே. பெண் என்பதாலேயே எல்லாப் பெண்களையும் தெரியும் என்று அவர் எண்ணவில்லை. மக்களிடம் நேரில் போனார், கேட்டார், பிறகு எழுதினார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாமாவின் ‘கருக்கு’ (1992), லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ போன்ற தன்வரலாறுகள் வந்த பிறகுதான், வெளியிலிருந்து எழுதிய நாங்கள் எவ்வளவு தவறவிட்டிருந்தோம் என்பது உறைத்தது. அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்களே எழுதியதை முதலில் படியுங்கள். நம் கதை அதன் பக்கத்தில் நிற்கலாம். அதன் இடத்தை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எனவே தயங்காமல் எழுதுங்கள். பத்திரிகைக்கு அனுப்புமுன், யாருடைய வாழ்க்கையை எழுதினீர்களோ அவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர் கைகாட்டி நிறுத்தினால் வாதாடாதீர்கள். அங்கிருந்து திரும்ப எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் எழுத்தாளர்