நம்பிக்கைகளும் உண்மைகளும்: எல்லாவற்றுக்கும் ஒரே தோட்டா

கொங்கு நாட்டில் காடு என்றால் மானாவாரி நிலமும்தான், வனமும்தான். உடுமலை, மடத்துக்குளம் பக்கம் அந்த இரண்டு காடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே கிடக்கின்றன. ஒரு ராத்திரியில் காட்டுப் பன்றிக் கூட்டம் புகுந்து மக்காச்சோளத்தைச் சாய்த்துவிட்டுப் போனால், மறுநாள் காலையில் எழும் முதல் பேச்சு துப்பாக்கியைப் பற்றியது; இரண்டாவது பேச்சு, எந்தத் தோட்டா நல்லது என்பது. பன்றிக்கும் ஆகும், மற்றதற்கும் ஆகும் என்று எல்லாவற்றுக்கும் பயன்படும் ஒரே தோட்டா எது என்ற கேள்வி, வேட்டை ரைஃபிள் வந்த நாளிலிருந்து உலகமெங்கும் கேட்கப்படுவது. அதற்கு நம்மூரில் வழங்கும் பதில்களில் பாதி தவறு. அந்தத் தவறுகள் விலங்கை வதைப்பதோடு நிற்பதில்லை. மனித உயிரையும் எடுக்கக்கூடியவை. அதனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை 1: எண் பெரிதானால் வலு பெரிது

பின்னலாடைத் தொழில் நடக்கும் மண்ணரையில் நூல் வாங்கும் எவருக்கும் இதை எளிதாக விளக்கிவிடலாம். 40-ம் நம்பர் நூல் 20-ம் நம்பரைவிட மெல்லியது. 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் ஒரு ராத்தல் எடைக்கு எத்தனை வருகின்றன என்பதே பருத்தி நூலின் கவுண்ட். எண்ணிக்கை கூடினால் நூல் மெலிகிறது. பன்னிரண்டு போர் துப்பாக்கியின் பெயரும் இதே கணக்கில் பிறந்ததுதான். அதன் குழல் விட்டத்துக்குச் சரியாக ஈய உருண்டை வார்த்தால் ஒரு ராத்தலுக்குப் பன்னிரண்டு வரும். இருபது போரில் இருபது உருண்டை வரும். ஆகவே பன்னிரண்டு போரின் குழல் சுமார் 18.5 மில்லிமீட்டர், இருபது போரின் குழல் சுமார் 15.6 மில்லிமீட்டர். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கிறது. ரைஃபிளுக்கு வந்தால் கணக்கே வேறு. .315 என்பது அங்குலத்தில் சொன்ன விட்டம், அதாவது 8 மில்லிமீட்டர். 7×57 என்பது 7 மில்லிமீட்டர் விட்டமும் 57 மில்லிமீட்டர் நீளமுள்ள கூடும். .30-06 என்பதில் பின்னால் நிற்கும் 06, அமெரிக்கப் படை அதை ஏற்றுக்கொண்ட 1906-ஆம் ஆண்டு. எடையின் எண்ணிக்கை, அங்குலம், மில்லிமீட்டர், ஆண்டு என்று நான்கு வெவ்வேறு அளவுகளில் எழுதிய எண்களை ஒரே வரிசையில் வைத்து ‘எது பெரிது’ என்று கேட்டால், அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை.

நம்பிக்கை 2: விட்டம் பெரிதாக இருந்தால்தான் விலங்கு விழும்

தோட்டா என்பது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. விலங்கின் உடலைச் சந்திப்பது குண்டு மட்டுமே. அந்தக் குண்டு எவ்வளவு ஆழம் போகும் என்பதை விட்டம் தனியாகத் தீர்மானிப்பதில்லை. தன் முகப்பின் பரப்புக்கு எவ்வளவு எடையைச் சுமக்கிறது, எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, எந்த வேகத்தில் போகிறது என்பவை சேர்ந்து தீர்மானிக்கின்றன. 7 மில்லிமீட்டர் ரைஃபிளின் கனமான குண்டு சுமார் 11.2 கிராம். யானை வேட்டைக்குப் பெயர்போன .375-இன் குண்டு சுமார் 19.4 கிராம். ஆனால் முகப்புப் பரப்பால் வகுத்துப் பார்த்தால், இரண்டுமே ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 0.27 கிராம்தான். ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல், ஆப்பிரிக்காவில் தான் சுட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளில் பெரும்பாலானவற்றைச் சிறிய விட்டமுள்ள ரைஃபிள்களால், குறிப்பாக 7 மில்லிமீட்டரால் வீழ்த்தியதற்கு இதுவே அடிப்படை. உருக்குலையாத முழு உறைக் குண்டை அவர் பயன்படுத்தினார். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எந்தக் கோணத்தில் எங்கே இருக்கிறது என்று படித்துக்கொண்டார். அந்த யானைகளின் அழிவைப் போற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பதிவு சொல்லும் சான்றை மறுக்கவும் முடியாது: கொன்றது விட்டமல்ல, இடமறிந்து வைத்த குண்டு.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லோரும் பெல் ஆகிவிட முடியுமா? முடியாது. ஆப்பிரிக்க நாடுகள் பலவும் யானை, காட்டெருமை போன்றவற்றுக்கு .375 என்ற குறைந்தபட்ச அளவைச் சட்டமாக வைத்திருப்பது அதனால்தான். பாய்ந்து வரும் பெரும் விலங்கின் முன்னால் பிழைக்கு இடம் வேண்டும். ஆனால் அந்த வாதத்தை அப்படியே பன்றிக்கும் மானுக்கும் இழுத்து வந்தால் அது தலைகீழாகத் திரும்புகிறது. .375-இன் பின்னுதை .30-06-ஐப் போல ஏறத்தாழ இரு மடங்கு. தோளில் இடி விழுமென்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், விசையை அழுத்தும் நொடியில் கண் மூடும், கை வெட்டும். பயிற்சியால் இதைப் போக்கலாமே என்றால், இந்தியாவில் ஒருவர் எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதே உரிமத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வாரந்தோறும் சுட்டுப் பழக இங்கே வழியில்லை. பழக முடியாத கைக்கு, தோள் தாங்கும் நடுத்தரத் தோட்டாவே அதிகம் பயன்படும். குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் பெற்ற அனுபவமும் இதையே காட்டுகிறது. சம்பாவத்தின் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டதற்காக 1907-இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த .275 ரிக்பி, அதே 7×57 தோட்டாவுக்கானது. கூடவே அவர் .450/400 இரட்டைக் குழல் ரைஃபிள் ஒன்றையும் வைத்திருந்தார். நம் பக்கத்து மலைக்காடுகளில் திரிந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சனோ .405 வின்செஸ்டரை நம்பினார். பெல், கார்பெட், ஆண்டர்சன் மூவரும் ஒரே தோட்டாவைத் தேரவில்லை. மூவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே: தன் துப்பாக்கியோடு வருடக்கணக்கான பழக்கம்.

நம்பிக்கை 3: .315 நம் நாட்டு விலங்குகளுக்கென்றே தேர்ந்த தோட்டா

இந்தியாவில் ரைஃபிள் உரிமம் உள்ளவர்களிடம் அதிகம் புழங்குவது, கல்கத்தாவுக்கு அருகிலுள்ள இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்த .315. அதனால் அது நம் பன்றிக்கும் சிறுத்தைக்கும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தது என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. உண்மையில் அந்தத் தோட்டா ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8 மில்லிமீட்டர் மன்லிக்கரிலிருந்து வந்தது. அது இங்கே வேரூன்றியதற்குக் காரணம் சட்டம். .303 படையின் அளவு; படையின் தோட்டா பொதுமக்கள் கையிலும் பொருந்தக் கூடாது என்று ஆங்கில ஆட்சி அதைத் தடை செய்தது, சுதந்திர இந்தியாவும் அந்தத் தடையை வைத்துக்கொண்டது. அளவில் சற்றே வேறுபட்ட .315 அந்தத் தடைக்கு வெளியே நின்றது. வேறோர் அளவுக்கும் இப்படி நடந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவு இந்தியாவுக்குள் வரக் கூடாது என்று தடை வந்ததும், இங்கிலாந்தின் துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று வரிசையாகப் புது அளவுகளைக் கொண்டுவந்தன. புலியின் தோல் அந்த ஆண்டில் தடித்துவிடவில்லை, அரசாணைதான் மாறியது. .315 மோசமான தோட்டா என்று இதற்குப் பொருளல்ல. கனமான, மிதமான வேகமுள்ள குண்டு, உள்நாட்டிலேயே கிடைக்கிறது. கடையில் கிடைக்காத சிறந்த தோட்டாவைவிடக் கிடைக்கும் நல்ல தோட்டா மேல். ஆனால் அது வழக்கத்துக்கு வந்த காரணத்தை அதன் திறமை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம்பிக்கை 4: விரியும் குண்டு கொடூரம், ஊடுருவும் குண்டு நல்லது

இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1890-களில் கல்கத்தா அருகே டம்டம் படைக்கலச் சாலையில் முனையில் ஈயம் திறந்திருக்கும் குண்டு செய்யப்பட்டது; உடலுக்குள் போனதும் அது விரியும். 1899 ஹேக் மாநாட்டுப் பிரகடனம் போரில் அத்தகைய குண்டுகளை விலக்கியது. மனிதருக்கு வேண்டாமென்றது விலங்குக்கு மட்டும் எப்படி ஆகும் என்று கேட்பவர்களின் இரக்கம் மதிக்கத்தக்கது. ஆனால் போரின் நோக்கம் எதிரியைச் செயலிழக்கச் செய்வது. காயம்பட்டவனைத் தூக்கிச் செல்ல ஆளுண்டு, மருத்துவமனை உண்டு. காயம்பட்ட பன்றிக்குப் புதர்தான் உண்டு. முழு உறைக் குண்டு நெஞ்சைத் துளைத்து ஊசி போல வெளியேறினால், அந்த விலங்கு மைல் கணக்கில் ஓடி, நாள் கணக்கில் சாகும். வழியில் எதிர்ப்படுபவரையும் கிழிக்கும். முனையில் ஈயம் திறந்த சாஃப்ட் நோஸ் குண்டு உள்ளே விரிந்து, இதயத்தையும் நுரையீரலையும் ஒரே நேரத்தில் நிறுத்துகிறது. முதிர்ந்த ஆண் பன்றியின் தோள்மேல் குருத்தெலும்பு போல் இறுகிய தடித்த கவசம் இருக்கும். பன்னிரண்டு போரின் சிறு ரவைகள் அதில் சிக்கிப் புண்ணை மட்டும் உண்டாக்கும். நன்கு செய்த விரியும் குண்டு அதைக் கடக்கும். ஒரே ரைஃபிளை வெவ்வேறு வேலைக்கு ஏற்றதாக ஆக்குவது இந்தக் குண்டுத் தேர்வுதான். பின்னல் மெஷினின் டயா ஒன்றாக இருந்தாலும் நூலையும் லூப்பையும் மாற்றித் துணியை மாற்றுவது போல.

நம்பிக்கை 5: சின்னத் தோட்டா என்றால் ஊருக்குள் ஆபத்தில்லை

உயிரோடு நேராகத் தொடர்புள்ள பிழை இது. கிளிக்கும் அணிலுக்கும் என்று நினைக்கும் .22 ரிம்ஃபயர் குண்டு, சரியான கோணத்தில் கிளம்பினால் ஒரு மைலுக்கு மேல் போகும். .30-06 போன்றது 3 கிலோமீட்டரைத் தாண்டும். ஊத்துக்குளி ரோட்டில் நின்று யோசித்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். 3 கிலோமீட்டர் வட்டத்துக்குள் எத்தனை நிட்டிங் யூனிட், எத்தனை லைன் வீடு, நைட் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகும் எத்தனை பேர்! தோட்டங்காடுகளின் நடுவிலும் இன்று வீடு இல்லாத திசை அரிது. விலங்கின் பின்னால் மண் இல்லாவிட்டால், எந்தத் தோட்டாவும் அந்த இடத்துக்கு ஏற்றதல்ல. பரண்மேல் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுட்டால் குண்டு செம்மண்ணில் புதையும். அதே ஆள் தரையில் நின்று, அதே தோட்டாவை, அதே பன்றியை நோக்கிச் சோளத்தட்டைக்குக் குறுக்கே விட்டால், அது போய் நிற்கும் இடம் அவர் கண்ணுக்குத் தெரியாது. சுக்கான் கல் நிறைந்த நிலமாக இருந்தால் கல்லில் பட்டுத் தெறித்துப் போகும் திசையும் தெரியாது. பாதுகாப்பைத் தருவது தோட்டாவின் அளவு அல்ல, சுடும் கோணமும் பின்னாலிருக்கும் மண்மேடும்தான்.

நம்பிக்கை 6: லைசென்ஸ் இருந்தால் சுடலாம்

துப்பாக்கி வைத்திருக்க அனுமதி தருவது 1959 ஆயுதச் சட்டம். விலங்கைச் சுட அனுமதி தருவது, அல்லது மறுப்பது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். முன்னதில் கிடைத்த உரிமம் பின்னதில் செல்லாது. ஆயுதச் சட்டம்கூடப் பயிர்க் காவலுக்கென்று எடுத்துச் சொல்வது ரைஃபிளை அல்ல, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அதிகாரம் கொடுத்து, பதிவு செய்த உரிமதாரர்களைக் கொண்டு பன்றியைச் சுடும் முறை வந்தது. தமிழ்நாடு 2025 ஜனவரியில் வேறு வழியைத் தேர்ந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டும் சுடலாம்.

அப்படியானால் விவசாயிக்கு இந்தத் தோட்டாக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். விளைச்சலை இழந்து நிற்பவரிடம் சட்டப் பிரிவை வாசிப்பது நியாயமா என்றும் கேட்கலாம். இரண்டுமே உண்மையான கேள்விகள். நட்டம் உண்மை, இழப்பீடு தாமதமாவதும் உண்மை. ஆனால் சுடத் தெரிந்தவர் கூட யோசிக்க வேண்டிய விஷயங்கள் இத்தனை இருக்கும்போது, அந்த யோசனை எதுவுமே இல்லாத வழிகள்தான் இன்று வரப்பில் கிடக்கின்றன. வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய்க்குப் பன்றி எது, யானைக்கன்று எது என்று தெரியாது. திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பிக்கு, அதிகாலையில் தண்ணீர் கட்டப் போகும் மனிதரின் கால் எது என்றும் தெரியாது. குறி பார்க்காத ஆயுதம் இவை. இவற்றைக் கைவிடச் சொல்லும் உரிமை நமக்கு வேண்டுமென்றால், சட்டப்படி வர வேண்டியவர்கள் உரிய நேரத்தில் வர வேண்டும் என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. வருபவர்கள் எந்தக் குண்டோடு, எந்தக் கோணத்தில் சுடப் போகிறார்கள் என்று கேட்கும் அளவுக்கு ஊராருக்கும் விவரம் தெரிந்திருக்க வேண்டும். அது தங்கள் வீட்டுத் திசையில் பறக்கப்போகும் குண்டு.

எல்லாவற்றுக்கும் ஓரளவு பயன்படும் தோட்டா இருக்கிறது. தோள் தாங்கும், கடையில் கிடைக்கும், நல்ல விரியும் குண்டு பூட்டிய நடுத்தர அளவு எதுவும் அதுவே; 7×57, .30-06, நம் .315 எல்லாம் அந்த வட்டத்துக்குள் வருபவைதான். அவற்றுள் எது என்ற கேள்வி நான்காவதாக வர வேண்டியது. சுட அதிகாரம் யாருக்கு, விலங்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது, எந்த வகைக் குண்டு என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு, போர் நம்பரைப் பற்றிப் பேச அதிகம் மிச்சமிருக்காது.