அடிக்கு எத்தனை ஃபிரேம்?

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். யானை கால் ஊன்றுவதில் அதன் கனம் தெரிகிறது; அது எல்லார் கைக்கும் வருவதில்லை. ஆனால் இசையைக் கடைசியில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறாய் என்பதும் ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. பழைய கார்ட்டூன் மாதிரி வரவேண்டும், என்ன குறைகிறது என்று கேட்டிருந்தாய். வளையும் ரப்பர் கை, பொத்தான் கண், வெள்ளைக் கையுறை எல்லாவற்றையும் சரியாகப் பிடித்திருக்கிறாய். கணக்குதான் வரவில்லை.

மௌனப் படக் காலத்தில் தான் வரைந்த ஒரு ஃபிரேம் திரையில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று வரைந்தவருக்கே நிச்சயம் கிடையாது. தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டுகிறவர் வேகத்தைக் கூட்டுவார், குறைப்பார். ஒலி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. வேகம் மாறினால் குரல் கீச்சிடும், இல்லையென்றால் இழுக்கும். நொடிக்கு 24 ஃபிரேம் என்று நிலைத்தது. ஃபிரேம் என்பது அன்றுதான் நேரத்தை அளக்கும் அலகாயிற்று. கார்ட்டூன் பேசத் தொடங்கியதைவிட இது பெரிய மாற்றம் என்பேன்.

டிஸ்னி ஸ்டூடியோவில் இதைப் பயன்படுத்த வழி கண்டவர் வில்ஃப்ரெட் ஜாக்சன். 1928இல் சேர்ந்த புதுப் பையன். அம்மா இசை ஆசிரியை, அதனால் தாள வேகத்தை அளக்கும் மெட்ரோனோம் பற்றி அவருக்குத் தெரியும். நிமிடத்துக்கு 120 தாள அடி விழுந்தால் ஒரு அடிக்கு 12 ஃபிரேம். 90 என்றால் 16. 180 என்றால் 8. அவ்வளவுதான் சூத்திரம். இசையை எழுதி முடிக்காமலேயே, எந்த ஓவியத்தில் கால் தரையைத் தொடவேண்டும் என்று தாளில் குறித்துவிடலாம். மிக்கி மவுஸ் படமான ‘ஸ்டீம்போட் வில்லி’ அப்படித்தான் உருவானது. பாட்டுத்தாளைத் தின்ற ஆட்டின் வாலை மின்னி சுற்ற, அதன் வாயிலிருந்து பாட்டு வரும். மிக்கி பசுவின் பல்லைத் தட்டி வாசிப்பான். நகைச்சுவை கொஞ்சம் முரடுதான். ஆனால் ஒரு தட்டுகூட இடம் தவறி விழாது.

பதிவு செய்யும்போதுதான் சிக்கல். நியூயார்க்கில் முதல் முறை வாசித்தபோது இசைக்குழுவால் படத்தோடு ஒட்டிப் போக முடியவில்லை; செலவு வீண். அடுத்த முறைக்குப் பணம் வேண்டி வால்ட் டிஸ்னி தன் காரை விற்றார். இந்தத் தடவை, அடிக்கு அடி எகிறும் ஒரு பந்தைப் படத்தோடு சேர்த்துக் காட்டினார்கள். நடத்துநர் அதைப் பார்த்துக் கையசைத்தார், கணக்கு பொருந்தியது. 1928 நவம்பர் 18 அன்று காலனி தியேட்டரில் படம் வெளியானது. இதுதான் முதல் ஒலிக் கார்ட்டூன் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. ஃப்ளெய்ஷர் சகோதரர்கள் 1920களின் நடுவிலேயே ஒலியோடு பாட்டுப் படங்கள் எடுத்தார்கள். பால் டெர்ரியின் ‘டின்னர் டைம்’கூட வில்லிக்கு முந்தியது. முந்தியவர்கள் இருந்தும் வில்லிதான் நிலைத்தது, அந்தக் கணக்கால்.

இனி உனக்கு வீட்டுப்பாடம். 1929இல் வந்த ‘தி ஸ்கெலிட்டன் டான்ஸ்’ படத்தைப் போட்டு, ஒரு எலும்புக்கூடு இன்னொன்றின் முதுகெலும்பைச் சைலஃபோன் போலத் தட்டும் இடத்துக்குப் போ. ஒலியை அணைத்துவிட்டு ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்து. அடிக்கு முன்னால் கை எங்கே உயர்கிறது, உச்சியில் எத்தனை ஃபிரேம் தங்குகிறது, எத்தனை ஃபிரேமில் இறங்குகிறது என்று எழுதிக்கொள். பிறகு ஒலியைப் போட்டுப் பார். இந்தப் படத்துக்கான யோசனையைக் கொடுத்தவர் கார்ல் ஸ்டாலிங், கான்சஸ் சிட்டியில் தியேட்டர் ஆர்கன் வாசித்தவர். பெரும்பகுதியை வரைந்தவர் அப் ஐவர்க்ஸ். இசைக்காரர் பக்கத்தில் உட்காராமல் அந்தப் படம் பிறந்திருக்காது. உன் கிரெடிட்டில் இசை அமைத்தவர் பெயரே இல்லை, கவனித்தாயா?

எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள் என்று எண்ணிக்கொள்ளாதே. நியூயார்க்கில் ஃப்ளெய்ஷர் ஸ்டூடியோவில் பல படங்களுக்கு வரைந்து முடித்த பிறகுதான் குரல் பதிவு. அதனால்தான் பாப்பாய் வாயை அசைக்காமலே முணுமுணுப்பான். அவனுக்குக் குரல் கொடுத்த ஜாக் மெர்சர் மைக் முன் நின்று அப்போதைக்குத் தோன்றியதைச் சொன்ன முணுமுணுப்பு அது. எனக்கு அது டிஸ்னியின் ஒழுங்கைவிடப் பிடிக்கும். அதே ஸ்டூடியோ 1932இல் ‘மின்னி தி மூச்சர்’ எடுத்தபோது பாடகர் கேப் கேலொவே ஆடுவதைப் படமெடுத்து, ரோட்டோஸ்கோப்பில் கோடு போட்டு, அவரைப் பேய் வால்ரஸாக்கியது. ஆட்டத்துக்குள்ளேயே தாளம் இருந்ததால் தனியே எண்ணவேண்டிய வேலை இல்லை. ஆக, கடைசியில் குரல் சேர்ப்பதும் ஒரு வழிதான், மெர்சர் மாதிரி ஆள் கிடைத்தால்.

இன்னொன்று. அடிக்கு அடி எல்லாமே பொருந்தினால் ஒரு கட்டத்தில் அலுக்கும். இசைக்காரர்கள் இதைக் கிண்டலாக ‘மிக்கி மவுசிங்’ என்பார்கள். உன் யானை எல்லா அடியிலும் கால் வைக்க வேண்டாம். மூன்றை வைத்து நான்காவதை விழுங்கட்டும்.

அந்தக் காலத்துப் படங்களை மொத்தமாகத் தலையில் வைத்துக் கொண்டாடாதே. போஸ்கோ உட்படப் பல பாத்திரங்களில் கறுப்பின மக்களைக் கேலி செய்த மின்ஸ்ட்ரல் மேடையின் சாயல் அப்பட்டமாக இருக்கிறது. பெரிய கண், தடித்த உதடு என்று அந்த முகங்களைப் ‘பழைய ஸ்டைல்’ என்று நினைத்து நகலெடுத்துவிடாதே. வில்லி படம் 2024 ஜனவரியில் அமெரிக்காவில் பொதுச்சொத்தானதும் பலர் அந்த எலியை வைத்துப் பேய்ப் படம் எடுக்கக் கிளம்பினார்கள். கணக்கை விட்டுவிட்டு உருவத்தை மட்டும் எடுத்தவர்களே அதிகம்.

அடுத்த தடவை அனுப்பும்போது வெறும் படத்தை அனுப்பாதே. பார் ஷீட்டையும் சேர்த்து அனுப்பு. மேலே தாளம், கீழே ஃபிரேம் எண், நடுவில் யானை என்ன செய்கிறது என்று ஒவ்வொரு வரி. கையால் எழுதியிருந்தாலும் போதும்.

அன்புடன்,
உன் அண்ணன்