போர்வை தைக்கப் புகுந்த கதை

உறவினர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பழம்புடவைகளில் ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுத்து, அவர்கள் பிரியத்தால் சொன்ன வார்த்தைகளையே சந்தை விலையென்று நம்பி, கோயமுத்தூரில் என் வீட்டு முன்னறை வாசலில் பலகை மாட்டிய எனக்கு, கைவேலை வேறு, வியாபாரம் வேறு என்ற ஞானம் ஆறு மாதத்திலேயே சித்தித்துவிட்டது.

முதலில் வந்த அம்மையார், காலஞ்சென்ற தம் மாமியாரின் 7 புடவைகளை மூட்டையாகக் கொண்டுவந்தார். மேல்துணி, நடுவே பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்றையும் தரையில் விரித்துச் சுருக்கம் நீவிக் கச்சாத் தையல் போடுவதற்கே இரண்டு நாள் முழங்காலில் தவழ்ந்தேன். பிறகு, வீட்டுத் தையல் மிஷினில் ஊசிக்கும் தூணுக்கும் நடுவே இருந்த சுமார் 7 அங்குல இடைவெளிக்குள், இரட்டைக் கட்டில் போர்வையைச் சுருட்டிச் சுருட்டித் திணித்ததில் தோள்பட்டை வீங்கிற்று. நானோ மிஷின் ஓடிய நேரத்துக்கு மட்டுமே கூலி சொல்லியிருந்தேன். வெட்டியதும், இஸ்திரி போட்டதும், நிறம் பொருந்தாமல் பிரித்ததும், அந்த அம்மையார் இரண்டு மாலைகள் மாமியாரைப் பற்றிப் பேசக் கேட்டிருந்ததும் கணக்கில் வரவில்லை. (அந்தப் பேச்சுக்குக் கூலி வாங்குவது தர்மமா என்பது எனக்கு இன்றும் தீராத சந்தேகம், அது வேலை நேரம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.)

துணியும் சும்மா இருக்கவில்லை. அரக்குச் சுங்குடியின் சாயம் முதல் சலவையிலேயே சந்தன நிறத் துண்டில் இறங்கிற்று. ஆகையால் இப்போது ஒவ்வொரு துண்டையும் ஈர வெள்ளைத்துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்காமல் கத்தரி எடுப்பதில்லை. பழம்பட்டு, மடித்த மடிப்பிலேயே இற்றிருக்கும். அதை வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்து, கொடுப்பவர் கண்ணெதிரில் காட்டிவிட வேண்டும். வெறும் பஞ்சை வைத்துத் தையல் வரிசைகளை எட்ட எட்டப் போட்டால், துவைத்தபின் அது மூலையில் கட்டியாக உருண்டுவிடும். அடித்துணிக்குத் தேட வேண்டியதில்லை: ஆறு கஜப் புடவையைக் குறுக்கே இரண்டாக்கி அருகருகே இணைத்தால், சற்றேறக்குறைய 9 அடிக்கு 7½ அடி கிடைக்கிறது.

கூலியில் பாதியை முன்பணமாக வாங்கக் கூச்சப்பட்டதன் சாட்சியாக, முடித்தும் வாங்க ஆளில்லாத போர்வையொன்று என் அலமாரியில் இருக்கிறது.

"இந்த விலைக்குக் கடையில் நாலு போர்வை வாங்கிவிடலாமே, அக்கா" என்பவர்களுக்கு முன்பெல்லாம் விலையைக் குறைத்தேன். இப்போது, "வாங்கலாம் அம்மா, அதுவும் நன்றாகத்தான் இருக்கும்" என்று சொல்லி, அவர்கள் புடவைகளைப் பத்திரமாக மடித்து மூட்டை கட்டி, ஒரு டம்ளர் மோரும் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.