ஓங்கரிப்பு வேறு, மூச்சடைப்பு வேறு

"பல் முளைக்காத குழந்தைக்குக் கட்டியான ஆகாரம் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்" என்ற வாக்கியத்தை, குழந்தை வைத்தியத்தில் நான் கழித்த முப்பது சொச்சம் ஆண்டுகளில், எத்தனை பேர் வாயால் எத்தனை சுருதியில் கேட்டிருக்கிறேன் என்று எழுதி வைத்திருந்தால், அதற்கே ஒரு தனிப் பேரேடு வேண்டியிருந்திருக்கும். பாட்டிமார் அதிகாரத்தோடு சொல்வார்கள். இளந்தாய்மார் கலக்கத்தோடு சொல்வார்கள். படித்த தகப்பன்மார் கைபேசியில் பார்த்த ஏதோ ஒரு காட்சியைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு சொல்வார்கள். சொல்பவர் யாராயினும் பலன் ஒன்றே: ஆறு மாதம் நிறைந்தவுடன் தொடங்கவேண்டிய சோறு ஒன்பதாம் மாதத்துக்கும் பத்தாம் மாதத்துக்கும் ஒத்திப் போடப்படுகிறது, அதுவரை கிடைப்பதெல்லாம் மிக்ஸியில் கூழாகி, வடிகட்டியில் இறங்கி, வெந்நீரில் கரைந்து, பெயருக்கு மாத்திரம் ஆகாரமாக நிற்கிறது.

சென்ற மாதம் பத்து மாதப் பெண் குழந்தை ஒன்றைத் தாயும் மாமியாருமாகக் கொண்டுவந்தார்கள். எடை 6.5 கிலோ, கீழிமையை இறக்கிப் பார்த்தால் வெளுப்பு. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்குத் தாய் பையிலிருந்து ஒரு பால்புட்டியை எடுத்து நீட்டினாள். அங்கன்வாடியில் கொடுத்த அருமையான சத்துமாவு, அதனுள்ளே நீர்மோர் பதத்தில் கிடந்தது. ரப்பர்க் காம்பின் துவாரம் அகன்று, அதன் ஓரம் கருகியிருந்தது. ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்தியிருக்கிறார்கள்.

"ஒரு தடவை இட்லி குடுத்துப் பாத்தேன் டாக்டர், மூச்சே நின்னுடும்போல ஆயிடுச்சு, அன்னையோட விட்டுட்டேன்" என்றார் மாமியார்.

கீழேயுள்ள சிற்றுண்டிச் சாலையிலிருந்து ஓர் இட்லி வரவழைத்தேன். குழந்தையைத் தாயின் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, பருப்புத் தண்ணீரில் தோய்த்த ஒரு விள்ளலை அதன் கையில் கொடுத்தேன். வாய்க்குள் போன மறு நிமிஷம் குழந்தைக்கு முகம் சிவந்தது, கண்ணில் நீர் கோத்தது, நாக்கு முன்னே நீண்டது, "ஓக்" என்று பெரிய சத்தம் ஒன்று வந்தது. மாமியார் பதறி எழுந்தார். "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றேன். விள்ளல் உதட்டுக்கு வந்து மடியில் விழுந்தது. குழந்தை அதைக் குனிந்து பார்த்தது. எடுத்து மறுபடியும் வாயில் போட்டுக்கொண்டது. இரண்டாம் முறை உள்ளே போயிற்று.

அந்த அம்மாள் அன்று மூச்சு நின்றதாகக் கண்டது இதைத்தான். இதற்கு நம் பாஷையில் ஓங்கரிப்பு என்று தனிப் பெயரே உண்டு. நீர் தவறான வழியில் இறங்கி இருமவைத்தால் அது புரையேறுதல்; காற்று போகும் பாதையையே ஒரு பொருள் மறித்துக்கொண்டால் அது மூச்சடைப்பு. மூன்றுக்கும் மூன்று சொற்களை முன்னோர் வைத்துவிட்டுப் போயிருக்க, நாமோ மூன்றையும் ஒரே கூடையில் போட்டு "அடைச்சுக்கிச்சு" என்று அலறுகிறோம். பெரியவர்களுக்கு ஓங்கரிப்பைத் தூண்டும் இடம் நாக்கின் அடியில் வெகு தூரத்தில் இருக்கிறது. ஆறு மாதச் சிசுவுக்கோ அது நாக்கின் நடுப்பாகத்துக்கே முன்தள்ளி இருக்கிறது. ஆகையால் கட்டி ஒன்று தொண்டையை எட்டுவதற்கு வெகு முன்பாகவே காவற்காரன் விழித்துக்கொண்டு அதை வெளியே தள்ளிவிடுகிறான். குழந்தை உண்ணப் பழகப் பழக அந்த எல்லை பின்னே நகருகிறது. நாம் அபாயம் என்று எண்ணி நடுங்குவது, அபாயம் வராமல் தடுக்கும் ஏற்பாட்டையே என்றால் இந்தப் பேதைமையை என்னவென்று சொல்வது?

வித்தியாசத்தைக் கண்ணால் அல்ல, காதால் அறியவேண்டும். ஓங்கரிக்கும் குழந்தை சத்தம் போடும், இருமும், அழும். அழுகை என்பதே குரல்வளை வழியாகக் காற்று போய்வருகிறது என்பதற்கு அத்தாட்சி. மூச்சடைத்த குழந்தை அழாது, இருமல் எழும்பாது, வாய் திறந்திருக்கும், ஒலி வராது, உதடு நீலம் பாரிக்கும்.

இது என் சொந்த அபிப்பிராயம் மாத்திரம் அல்ல. நியூஸிலாந்தில் 206 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கரண்டியால் ஊட்டியும், மற்றொரு பிரிவுக்கு, ஆபத்தான பண்டங்கள் எவையென்று பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்லிவைத்து, மென்மையான துண்டங்களைத் தாமே எடுத்துத் தின்ன விட்டும் நடத்திய ஆராய்ச்சி 2016-இல் வெளியாயிற்று. மூச்சடைப்பில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. தாமே எடுத்துத் தின்றவை ஆறாம் மாதத்தில் அதிகமாக ஓங்கரித்தன. எட்டாம் மாதத்திலோ மற்றவற்றைவிடக் குறைவாகவே ஓங்கரித்தன. பழகிக்கொண்டன என்பதுதான் அதன் பொருள். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பிரதேசத்தில் 1990-களின் தொடக்கத்தில் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தவர்கள் கண்டதோ இன்னும் முக்கியமானது: ஒன்பது மாதம் கடந்த பிறகே கட்டியான உணவைக் கண்ட குழந்தைகள், ஏழு வயதிலும் காய்கனிகளைக் குறைவாகத் தின்றார்கள், சாப்பாட்டு வேளைத் தொல்லைகளும் அவர்களுக்கே அதிகம். மெல்லக் கற்பதற்கு ஒரு பருவம் உண்டு. அதைப் பயத்தால் கடத்திவிட்டு, மூன்று வயதில் "சோற்றை வாயிலேயே அடக்கிக்கொண்டிருக்கிறான்" என்று என்னிடம் அழைத்துவருகிறார்கள்.

பல்லைப் பற்றிய வாதம் இதைவிடப் பரிதாபம். முதலில் முளைப்பவை முன்பற்கள். அவை கடிக்க உதவுமே அன்றி அரைக்க உதவா. அரைக்கும் கடைவாய்ப் பற்கள் ஒரு வயது ஆனபிறகே தலைகாட்டும். பல்லுக்காகக் காத்திருப்பது என்றால் ஒன்றரை வயது வரை கஞ்சித் தண்ணீர்தான். இரண்டு விரல்களுக்கு நடுவே நசுங்கும் எந்தப் பதார்த்தத்தையும் குழந்தையின் ஈறு நசுக்கிவிடும். சந்தேகமுள்ளவர்கள் தங்கள் விரலை அதன் வாயில் வைத்துப் பிரத்தியட்சமாகத் தெரிந்துகொள்ளலாம்.

நீர்க்கக் கரைத்தால் பத்திரம் என்பதும் தலைகீழான நியாயம். படுத்த நிலையில், அகன்ற துவாரத்தின் வழியே வேகமாகப் பாயும் நீர்த்த கஞ்சியே சுலபமாகப் புரையேறும். அன்றியும், ஒரு சிசுவின் இரைப்பை எடைக்குக் கிலோ ஒன்றுக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும், 6.5 கிலோக் குழந்தைக்கு அது ஒரு தம்ளர் அளவு. அந்தத் தம்ளரைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் எங்கே? கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாமல் நிற்கும் பதமே சரியான பதம். தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சத்து ஆறாம் மாதத்தோடு ஏறக்குறையத் தீர்ந்துவிடுகிறது. தாய்ப்பாலில் அது சொற்பம். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67.1 பேர் இரத்தசோகை உள்ளவர்களாகக் காணப்பட்டதற்குக் காரணங்கள் பல. இந்தக் கஞ்சித் தண்ணீரும் அவற்றுள் ஒன்று.

மற்ற நம்பிக்கைகளுக்கு அதிக மை செலவிட வேண்டியதில்லை. உச்சந்தலையில் தட்டினால் அடைப்பு விலகும் என்பது பொய். தட்டவேண்டிய இடம் முதுகு. விக்கினாலும் புரையேறினாலும் யாரோ நினைக்கிறார்கள் என்பது அழகான கற்பனை, அழகோடு நிற்கட்டும். தண்ணீர் புகட்டினால் அடைப்பு இறங்கும் என்பது அபாயமான பொய். காலைப் பிடித்துத் தலைகீழாக உலுக்குவது கொடுமை. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவுவது, அதை இன்னும் உள்ளே தள்ளுவதற்கான உபாயமே.

அப்படியானால் பயமே வேண்டாமா? வேண்டும், ஆனால் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கவேண்டும். இட்லிக்கும் குழைந்த சாதத்துக்கும் மசித்த வாழைப்பழத்துக்கும் அஞ்சுகிற அதே வீட்டில், நாலு வயது அண்ணன் வறுத்த வேர்க்கடலையைத் தம்பியின் வாயில் திணிப்பதை "பாசம்" என்று ரசிக்கிறார்கள். நம் நாட்டில் குழந்தைகளின் சுவாசக் குழாயிலிருந்து கருவிகொண்டு எடுக்கப்படும் அந்நியப் பொருள்களுள் முன்னணியில் நிற்பது வேர்க்கடலை. முழுக் கடலை, பட்டாணி, முந்திரி, சீத்தாப்பழக் கொட்டை, புளியங்கொட்டை, பாக்குத் துண்டு, கெட்டி மிட்டாய், பச்சைக் கேரட் துண்டு, முழுத் திராட்சை ஆகியவையே உண்மையான சத்துருக்கள். கடலையைப் பொடித்துச் சோற்றில் கலவுங்கள்; திராட்சையை நீளவாக்கில் நாலாகப் பிளவுங்கள்; கேரட்டை வேகவையுங்கள். படுக்கவைத்து ஊட்டாதீர்கள், ஓடவிட்டு ஊட்டாதீர்கள், அழும் வாயில் திணிக்காதீர்கள். குழந்தை உண்ணும்போது பக்கத்தைவிட்டு நகராதீர்கள்.

இவ்வளவுக்கும் மீறி உண்மையாகவே மூச்சடைத்துவிட்டால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையின்மீது குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கிப் பிடித்து, தலை உடலைவிடத் தாழ்ந்திருக்குமாறு செய்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து முறை அழுத்தமாகத் தட்டவேண்டும். பொருள் வெளிவராவிட்டால் மல்லாத்தி, மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து முறை அழுத்தவேண்டும். அடைப்பு விலகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். உடன் இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்தால் அழைப்பில் இருப்பவர் சொல்வதைக் கேட்டு உயிர்காப்பு முதலுதவியைத் தொடங்கவேண்டும். 1974-இல் ஹைம்லிக் என்ற அமெரிக்க வைத்தியர் விளக்கிய வயிற்றை அமுக்கும் முறை பெரியவர்களுக்கு. ஒரு வயதுக்குட்பட்ட சிசுவுக்கு அது ஆகாது.

இந்த இடத்தில், நான் போகும் சபையிலெல்லாம் சொல்லிச் சலித்த ஒரு விண்ணப்பத்தை மீண்டும் சொல்லிவிடுகிறேன். அரசுத் தடுப்பூசி அட்டவணையில் பதினான்காம் வாரத்து ஊசிக்குப் பிறகு அடுத்தது ஒன்பதாம் மாதத்தில்தான். முதல் சோறு ஊட்டவேண்டிய ஆறாம் மாதம் இவ்விரண்டுக்கும் நடுவே அநாதையாகக் கிடக்கிறது. ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதம், பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதம் என்று நாள் பார்த்து அன்னப்பிராசனம் செய்யும் நாம், அந்த நாளில் செவிலியர் ஒருவரை ஒரு துணிப் பொம்மையோடு உட்காரவைத்து, தாய்க்கு மாத்திரமல்ல, முக்கியமாகப் பாட்டிக்கு, அந்த ஐந்து தட்டல்களைச் செய்து காட்டச் சொன்னால் என்ன? ஊசி போடுவதற்குக் கூட்டம் கூட்டத் தெரிந்த தேசத்துக்கு, சோறு ஊட்டக் கற்பிப்பதற்கும் ஒரு நாள் ஒதுக்கத் தெரியவேண்டும். கைகள் செய்யவேண்டியதை அறிந்திருந்தால் மனத்தின் நடுக்கம் பாதி அடங்கிவிடும்.

உங்கள் வீட்டில் ஆறு மாதம் நிறைந்து, தலை நின்று, பிடித்துக்கொண்டால் உட்காரும் குழந்தை இருக்குமானால், மிக்ஸி ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நாளைக் காலை பலகாரத் தட்டுக்கு முன் அதையும் மடியில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வேர்க்கடலை டப்பாவை மாத்திரம் இன்றிரவே மேல் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.