ஏரிக்கரையும் மலையடிவாரமும்: மலைபடுகடாம் கற்பிக்கும் பயணத் திட்டம்

முன்னுரை

விடுமுறை நெருங்கும் நாள்களில் மாணவரிடையே மிகுதியாகப் பேசப்படுவது சுற்றுலாவே. நீர்நிலையின் அருகே ஓர் இரவு தங்க வேண்டும், மலையடிவாரத்தில் நடக்க வேண்டும், விண்மீன்களைக் கண்டு மகிழ வேண்டும் என்னும் விருப்பம் இளையோர் எல்லார்க்கும் உண்டு. விருப்பம் நன்றே. ஆயினும் எங்கே செல்வது, எவ்வளவு செலவாகும் என்னும் இரு வினாக்களோடு திட்டம் முடிந்துவிடுகிறது. ஊறின்றிச் சென்று, அங்கு வாழ்வோர்க்கு இடையூறு செய்யாமல் தங்கி, போன அனைவரும் மீள்வது எவ்வாறு என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. நம் பகுதி மலைகளையே களமாகக் கொண்ட சங்கநூல் ஒன்று அவ்வினாவிற்கு விடை தந்துள்ளது. மலைபடுகடாம் என்னும் அந்நூலின் வழிநின்று பயணத் திட்டம் வகுக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

நூலும் நிலமும்

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மற்றொரு பெயர். மலையை யானையாகவும் அதில் எழும் பலவகை ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்தமையால் இப்பெயர் பெற்றது. பெருங்கௌசிகனார் பாடிய இந்நூலின் தலைவன் பல்குன்றக் கோட்டத்தை ஆண்ட நன்னன். அவனது செங்கண்மா இன்றைய செங்கம். சேயாறு இன்றைய செய்யாறு. நவிரமலை பருவதமலையே என்பர் அறிஞர்.

சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. அப்பாலாற்றின் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் பெறுவது காவேரிப்பாக்கம் ஏரி. எனவே நன்னனின் மலையும் நம் ஏரியும் ஒரே ஆற்றுக் குடும்பத்தைச் சார்ந்தவை எனலாம். காவேரிப்பாக்கத்தில் தொடங்கி மலையடிவாரம் நோக்கிச் செல்லும் பயணத்திற்கு இந்நூலைக் கைவிளக்காகக் கொள்வது பொருத்தமே.

காவேரிப்பாக்கம் ஏரி

கல்வெட்டுகளில் இவ்வூர் காவிதிப்பாக்கம் என்றும் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்றும் குறிக்கப்பெறுகிறது. காவிதி என்பது பழந்தமிழ் வேந்தர் வழங்கிய சிறப்புப் பெயர்களுள் ஒன்று. அவனிநாராயணன் என்பது கி.பி. 9ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் விருதுப்பெயர். ஏரியை அமைத்தவனும் அவனே என்பது வழிவழி வரும் செய்தி. ஏறத்தாழ 4,000 ஏக்கர் பரப்பும் 30 அடி கொள்ளளவு உயரமும் உடைய இது, தமிழகத்துப் பேரேரிகளுள் ஒன்று. 2019இல் உருவான இராணிப்பேட்டை மாவட்டத்தில் இஃது அமைந்துள்ளது.

கரைமேல் நின்று காண்பார்க்கு இது கடலெனத் தோன்றும். ஆயின் இது காட்சிப் பொருளன்று. பல ஊர்களின் வயல்களுக்குச் சோறு சமைக்கும் அடுப்பு. இதன் கரை மண்ணால் ஆயது. அதில் குழி தோண்டுவதும் கூடாரத்திற்கு முளை அடிப்பதும் நீர்க்கசிவுக்கு வழிகோலும். மதகின் அருகே நீரின் இழுப்பு மிகுதி. மிகைநீர் வழியும் கலங்கலில் பாசி படர்ந்திருக்கும். மண் எடுத்த பள்ளங்கள் நீர் நிறைந்த காலத்தில் கண்ணுக்குப் புலப்படா. முழங்கால் அளவு என எண்ணி வைத்த அடுத்த அடி ஆளை விழுங்கும் ஆழமாக இருத்தல் கூடும். ஆதலின் ஏரியைப் பகலில் கண்டு கற்று, இரவு தங்குதற்கு வேறிடம் தேர்வதே அறிவுடைமை.

நூல் கூறும் எச்சரிக்கைகள்

பரிசில் பெற்று மீளும் கூத்தன், பெறச் செல்லும் கூத்தனுக்கு வழிகூறுவதாக அமைந்தது இந்நூல். மலையின் அழகை அவன் மறைக்கவில்லை. எனினும் ஒவ்வோர் இடத்திற்கும் உரிய இடரை உடன் உரைத்துவிடுகிறான். பன்றிகளுக்கு அஞ்சித் தினைப்புனத்தார் பொறிகளை அமைத்திருப்பர். ஆதலின் இருளில் நடவாது விடிந்தபின் செல்க என்கிறான். பாம்புகள் ஒடுங்கும் இடத்தைக் குறிக்கொண்டு கடக்கச் சொல்கிறான். புனங்காவலர் யானையை விரட்டக் கவணில் எறியும் கல் பறந்து வரும். பெருமரங்களின் மறைவில் செல்க என்கிறான். முதலைகள் வாழும் ஆழ்ந்த மடுவின் ஓரத்து வழுக்கும் வழிகளில் கொடிகளைப் பற்றிச் செல்லுமாறு அறிவுறுத்துகிறான்.

இரவில் தங்குவதற்கும் நெறி உண்டு. மலையில் இருள் சூழ்ந்தால் தம் இல்லத்துள் புகுந்தாற்போலக் கல்முழைகளில் தங்க வேண்டும். காட்டில் ஆட்டிடையரைச் சேர்ந்து, அவர்தம் தீயைத் துணையாகக் கொண்டு தங்க வேண்டும். குறவரும் ஆயரும் உழவரும் வழியெங்கும் உணவளிப்பர். நிலத்தை அறிந்தோரின் துணையே வழிப்போக்கர்க்குக் காவல் என்பது இதனால் பெறப்படும்.

இன்றைய திட்டம்

இந்நெறியை நம் காலத்திற்குப் பொருத்திக் காண்போம்.

முதலாவது, காலம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஏரி நிறையும். ஆனால் காட்டாறுகள் திடீரெனப் பெருகும், மலைப்பாதை வழுக்கும். 2021 நவம்பரில் பாலாறு பெருகியதை நாம் மறக்கலாகாது. பங்குனிக்குமேல் காடு காய்ந்து தீக்கு இரையாகும். தை, மாசித் திங்களே ஏற்றவை. அப்போது ஏரியில் நீர் இருக்கும். மலையில் குளிர் இருக்கும்.

இரண்டாவது, இடம். காவேரிப்பாக்கத்தில் காலையில் ஏரியைக் கண்டபின் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியே பிற்பகலில் ஏலகிரியை அடையலாம். பொன்னேரியிலிருந்து ஏறும் பாதையின் 14 வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பெற்றுள்ளன. மேலே புங்கனூர் ஏரியும் அதனைச் சூழ விடுதிகளும் உள்ளன. சவ்வாது மலையைக் காண விழைவோர்க்கு ஜமுனாமரத்தூர் உண்டு. கூடாரம் அமைப்பதாயின் மேட்டு நிலமே வேண்டும். வறண்ட ஓடையின் மணற்பரப்பு மெத்தென இருப்பினும் அது நீரின் வழி என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒப்புதல். காப்புக் காட்டில் வனத்துறையின் இசைவின்றி நுழைதலும் தங்குதலும் குற்றம். ஊரார் நிலத்தில் தங்குவதாயின் அவர்தம் ஒப்புதல் வேண்டும். ஊராட்சியாரிடமும் காவல் நிலையத்திலும் பெயர்ப்பட்டியலும் திரும்பும் நாளும் தருதல் நலம்.

நான்காவது, நீரும் நெருப்பும். நீந்தத் தெரிந்தவர் என்பதற்காக எவரையும் அறியாத நீரில் இறங்கவிடலாகாது. மூழ்குவோரைக் காக்கத் தாமும் பாய்வதைவிடக் கயிறோ நீண்ட கழியோ நீட்டுவதே முறை. இடையர் தீ துணையாயிற்று. ஏனெனில் அதனை அவர் காத்திருந்தனர். காவாத தீயே பகையாகும். 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவருள் பலர் இளையோர். அவ்வாண்டே மலையேற்றத்திற்கென அரசு தனி விதிகளை வகுத்தது. அவ்விதிகளைத் தடை எனக் கருதுவோர், அவை எத்தனை இல்லங்களின் கண்ணீருக்குப் பின் எழுதப்பட்டன என்பதை எண்ணுதல் வேண்டும்.

ஐந்தாவது, உணவும் கழிவும். காய்ச்சிய நீர், முதலுதவிப் பெட்டி, கைவிளக்கு, போர்வை ஆகியன இன்றியமையாதவை. அருகிலுள்ள மருத்துவமனை எங்குள்ளது என்பதைப் புறப்படுமுன்னரே அறிதல் வேண்டும். கொண்டு சென்ற நெகிழிப் பைகளைத் தவறாது திரும்பக் கொணர்தல் வேண்டும். அங்கு மேயும் ஆடுமாடுகளுக்கு நாம் விட்டுச்செல்லும் பை நஞ்சாகும்.

முடிவுரை

மலைபடுகடாம் கூறும் அறிவுரைகளுள் நம் நெஞ்சைத் தொடுவது ஒன்றுண்டு. வழிகள் பிரியும் சந்தியில், சரியான வழியைத் துடைத்துப் புல்லை முடிந்து வைத்துச் செல்க என்பதே அது. பின்னே வருவோர் வழிதவறாமைப் பொருட்டு அவ்வடையாளம் வேண்டப்பட்டது. முன்னே செல்பவன் தன் மகிழ்ச்சியை மட்டும் எண்ணின் புல்லை முடிய நேரம் ஒதுக்கான். பயணத் திட்டம் என்பது செலவுக் கணக்கு மட்டுமன்று. உடன் வருவோரையும், அங்கு வாழ்வோரையும், நாளை வருவோரையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் அறமாகும். அடுத்த பயணத்திற்குப் புறப்படுமுன் நாம் ஒருமுறை மலைபடுகடாத்தைப் படிப்போம். நமக்குப் பின் வருவோர்க்காக நாமும் ஒரு புல்முடிச்சை இட்டு வருவோம்.