இரண்டாவது மினி டிராக்டர்: முன்பணம் கட்டுவதற்கு முன் அளக்க வேண்டியவை

கோவைப் பக்கம் கார்டன் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிற பலரிடம் இப்போது ஒரு மினி டிராக்டர் இருக்கிறது. ஒரு சைட்டில் ரொட்டவேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு சைட்டில் செம்மண் இறங்கிக் காத்துக் கிடக்கும் நிலை வந்ததும் இரண்டாவது வண்டியைத் தேடத் தொடங்குகிறார்கள். முதல் வண்டி வாங்கும்போது நாலு பேரைக் கேட்டவர்கள், இரண்டாவதற்கு யாரையும் கேட்பதில்லை. "போன தடவை 20 எச்.பி., இந்தத் தடவை 28 போடுங்க" என்று ஷோரூமில் சொல்லி முன்பணம் கட்டிவிடுகிறார்கள். வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் பழைய ரொட்டவேட்டர் அதில் சரியாக மாட்டாது என்பதும், வழக்கமான வாடிக்கையாளர் வீட்டுப் பக்கவாட்டு கேட்டில் அது நுழையாது என்பதும் தெரியவருகிறது.

இரண்டாவது டிராக்டரை முதல் டிராக்டரை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். எச்.பி. கடைசியாக வரட்டும்.

முதலில், போன சீசனில் வண்டி இல்லாமல் தள்ளிப்போன வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அதில் பாதிக்கு மேல் மண், மணல், தொழு உரம் அடித்த வேலையாக இருந்தால் உங்களுக்கு வேண்டியது டிராக்டரே இல்லை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. செம்மண் ஒரு யூனிட் ஏறக்குறைய 4 டன் வரும். மினி டிராக்டரில் மாட்டுகிற சின்ன டிரெய்லரில் அதை இழுக்க மூன்று நடையாவது ஆகும். தூரத்திலிருந்து வருகிற மண்ணுக்கு டிப்பர் லாரியை வாடகைக்குப் பிடித்து கேட்டுக்கு வெளியே கொட்டச் சொல்லுங்கள். உள்ளே அடிக்க மட்டும் டிராக்டர். தாளில் மிச்சமிருப்பது உழவு, லெவலிங், குழி தோண்டுவது, புல் வெட்டுவது என்றால் மேலே படியுங்கள்.

அடுத்தது டேப். உங்கள் வேலை நடக்கிற இடங்களிலேயே மிகக் குறுகலான வாசலை அளந்துகொள்ளுங்கள். தனி வீடுகளில் பின்பக்கத் தோட்டத்துக்குப் போகிற பக்கவாட்டுப் பாதை பல இடங்களில் நாலடிதான். வண்டியின் அகலத்தைப் பின் டயர்களின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் வரை அளக்க வேண்டும், விவரத்தாளில் போட்டிருப்பதை நம்பி வராதீர்கள். பின் ரிம்மைத் திருப்பி மாட்டினாலே அகலம் மாறிவிடும். ரொட்டவேட்டரையும் அளக்க வேண்டும். மூன்றரை அடி என்று விற்கிற ரொட்டவேட்டரில் பிளேடு உழுகிற அகலம்தான் மூன்றரை அடி, பக்கத்து கியர் பெட்டியும் ஃப்ரேமும் அதற்கு மேல். உயரத்தையும் விடாதீர்கள். நேராக மேலே நிற்கிற சைலன்சர் மாமரக் கிளையிலும் அபார்ட்மென்ட் வாசல் வளைவிலும் இடிக்கும். தோட்ட வேலைக்குக் கீழே இறங்கிய சைலன்சர் உள்ள வண்டிதான்.

பாதையில் ஒரு வளைவு இருந்தால் அளவு மட்டும் போதாது. நான் செய்கிற வழி இது: அந்த வளைவை அப்படியே அளந்துகொண்டு போய், டீலரின் முற்றத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு, அதற்குள் வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்வேன். சேல்ஸ்மேன் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும், வாங்கிய பிறகு அந்த வளைவில் சிக்கி நிற்கப்போவது நம்முடைய டிரைவர்.

இனி, பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிற இடத்துக்கு வருவோம். கையில் இருக்கிற கருவிகள் புது வண்டியில் மாட்டுமா என்பதுதான் அது. "எல்லாம் மாட்டும் சார், த்ரீ பாயின்ட் லிங்க்தானே" என்று ஷோரூமில் சொல்வார்கள். மாட்டும்தான், ஆனால் எப்படி மாட்டும் என்பதில்தான் பணம் போகிறது.

லிங்க்கில் வகைகள் உண்டு. கேட்டகரி 1 என்றால் கீழ் லிங்க் பின் 22 மி.மீ., கேட்டகரி 2 என்றால் 28 மி.மீ. மினி டிராக்டர்களில் 1 வரும், அல்லது 1என் என்கிற குறுகல் வகை வரும். 1என்னில் பின் தடிமன் அதேதான், இரண்டு கீழ் லிங்க்குகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைவு. தடிமன் வித்தியாசத்தைப் புஷ் போட்டுச் சமாளிக்கலாம். இடைவெளி வித்தியாசத்தை அப்படிச் சமாளிக்க முடியாது. லிங்க்குகளை இழுத்து விரித்து மாட்டினால் டயரில் உரசும், தூக்கும்போது ரொட்டவேட்டர் ஒருபக்கம் சாயும். அதனால் உங்கள் ரொட்டவேட்டரின் இரண்டு பின்களுக்கும் இடையே உள்ள தூரத்தை எழுதிக்கொண்டு போய், ஷோரூமில் நிற்கிற வண்டியில் டேப் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்து பி.டி.ஓ. ஷாஃப்ட். ரொட்டவேட்டர் வாங்கும்போது உங்கள் முதல் வண்டிக்குத் தகுந்தபடி அதை வெட்டிக் கொடுத்திருப்பார்கள். புது வண்டியில் பி.டி.ஓ. முனைக்கும் லிங்க் முனைக்கும் உள்ள தூரம் வேறாக இருக்கும். ஷாஃப்ட் நீளமாகிவிட்டால், ரொட்டவேட்டரை முழுதாகத் தூக்கும்போது உள்குழாய் போய் முட்டி, பி.டி.ஓ. பேரிங்கையோ ரொட்டவேட்டரின் கியர்பாக்ஸையோ பதம் பார்த்துவிடும். குட்டையாகிவிட்டால், மண்ணில் இறக்கும்போது இரண்டு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று போதிய அளவு பொருந்தியிருக்காது. சுற்றிக்கொண்டே கழன்று வந்தால் பக்கத்தில் நிற்கிறவர் காலே போய்விடும். குழாயில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் ஒரே ஷாஃப்ட் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டாவதற்குத் தனி ஷாஃப்ட் வாங்கி, எந்த வண்டியுடையது என்று பெயின்ட்டில் எழுதி வையுங்கள். மேலே பிளாஸ்டிக் கவர் இல்லாத ஷாஃப்டை வாங்கவே வேண்டாம்.

தூக்கும் திறனிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 750 கிலோ என்று போட்டிருந்தால் அது எந்த இடத்தில் அளந்தது என்று கேளுங்கள். லிங்க்கின் நுனியில் அளந்தால் எண் பெரிதாக வரும். அதிலிருந்து 610 மி.மீ. பின்னால் அளந்தால் குறையும். நம் கருவிகளின் எடை இருப்பது அந்தப் பின்பக்கத்தில்தான். இந்த வண்டிகளில் சில 600, 650 கிலோதான் இருக்கும். மருந்து டேங்க்கில் தண்ணீரை நிரப்பிப் பின்னால் தூக்கினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடிக்காது. முன்னால் மாட்டுகிற வெயிட்டையும் வண்டியோடு சேர்த்தே விலை பேசிவிடுங்கள். டிப்பர் டிரெய்லர் வைத்திருக்கிறவர்கள் ஹைட்ராலிக் வெளியிணைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஃப்ரண்ட் லோடர் வேண்டும் என்றால், வண்டி செய்த கம்பெனியே அந்த மாடலுக்கென்று கொடுக்கிற லோடர் மட்டும்தான். பட்டறையில் பற்றவைத்த லோடர் மினி டிராக்டரின் முன் அச்சைத் தின்றுவிடும்.

கிளட்ச்சைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. சிங்கிள் கிளட்ச் வண்டியில் கிளட்ச்சை மிதித்தால் சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் சேர்ந்தே எஞ்சின் இணைப்பு அறும். புல் வெட்டும் ஸ்லாஷரின் கனத்த பிளேடு அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வேகம் பி.டி.ஓ. வழியாகத் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். "கிளட்ச மிதிச்சும் வண்டி நிக்கமாட்டேங்குதுங்ணா" என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான். வயலில் நாலடி தள்ளிப் போனால் பாதகமில்லை. வீட்டுச் சுவருக்கும் கண்ணாடிக் கதவுக்கும் முன்னால் அதே நாலடி பெரிய விபத்து. டபுள் கிளட்ச் அல்லது தனி பி.டி.ஓ. உள்ள மாடலைப் பாருங்கள். விலை எட்டவில்லை என்றால் பி.டி.ஓ. முனையில் ஓவர் ரன்னிங் கப்ளர் போடுங்கள். அது போட்டால் ஷாஃப்ட் நீளத்தை மறுபடி அளக்க வேண்டும்.

இப்போது எச்.பி.க்கு வரலாம். பார்க்க வேண்டியது பி.டி.ஓ. எச்.பி. கம்பெனி விவரங்களின்படி குபோட்டா ஏ211என் 21 எச்.பி., அதன் பி.டி.ஓ.வில் கிடைப்பது 15.4. மஹிந்திரா ஜிவோ 245 டி.ஐ. 24 எச்.பி., பி.டி.ஓ.வில் 22. எஞ்சின் கணக்கில் 3 எச்.பி. வித்தியாசம், ரொட்டவேட்டரைச் சுழற்றுகிற இடத்தில் ஆறுக்கு மேல். இதனால் ஒன்று மட்டம், மற்றது உசத்தி என்று ஆகாது. சின்ன ரொட்டவேட்டர், ஆகர் வரைக்கும் 15 பி.டி.ஓ. எச்.பி. தாராளம். மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. நீங்கள் பார்க்கிற மாடலின் அறிக்கையை டீலரிடம் கேட்டு வாங்கி, பி.டி.ஓ., தூக்கும் திறன் இரண்டையும் அதில் படியுங்கள்.

முதல் வண்டியின் கம்பெனியிலேயே, அதைவிட ஒரு சுற்று குறுகலான மாடலை எடுங்கள் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது. ஃபில்டர், ஆயில், மெக்கானிக் எல்லாம் ஒன்றாகிவிடும். பெரியது வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், கனமான வண்டி தரையை இறுக்கிவிடும். கொரியன் புல் பதித்த இடத்தில் ஈரத்தோடு இரண்டு நடை போனால் டயர்த் தடத்தில் மட்டும் வேர் இறங்காமல் இரண்டு பழுப்புக் கோடுகள் நிற்கும். வாடிக்கையாளர் முதலில் கைநீட்டுவது அங்கேதான்.

ஃபோர் வீல் அவசியம், ஆனால் தார் ரோட்டிலும் பேவர் கல்லிலும் அதை எடுத்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். பிடிமான தரையில் அதைப் போட்டே ஓட்டினால் டயரும் கியரும் தேயும். புல்தரைக்கென்று டர்ஃப் டயர் மாற்றுகிறவர்கள் முன்னும் பின்னும் சேர்த்து, சுற்றளவு விகிதம் மாறாமல் மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் மாற்றினால் முன் அச்சு கெட்டுப்போகும். கரிசல் மண் சைட்டுகள் அதிகமென்றால் பல் டயரே இருக்கட்டும், மழையில் டர்ஃப் டயர் வழுக்கிக்கொண்டு போகும்.

அபார்ட்மென்ட் வேலை எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே புல்தரைக்குக் கீழே மண் இருக்கிறது என்று நினைக்காதீர்கள், பல இடங்களில் கார் பார்க்கிங்கின் கூரைதான் இருக்கும். கட்டட இன்ஜினீயர் எழுத்தில் சம்மதம் தராமல் எந்த டிராக்டரையும் அதன்மேல் ஏற்றக் கூடாது. வாட்ஸ்அப்பில் "ஓகே" வந்தது என்பதெல்லாம் செல்லாது.

பழைய வண்டி பார்க்கிறீர்கள் என்றால் ஹவர் மீட்டரை நம்ப வேண்டாம். ரொட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். தரைக்கு இறங்கியிருந்தால் ஹைட்ராலிக் சீல் போய்விட்டது. பி.டி.ஓ. முனையின் பற்களை விரலால் தடவிப் பாருங்கள், கூராகத் தேய்ந்திருந்தால் நிறைய ரொட்டவேட்டர் ஓடிய வண்டி. முன் அச்சின் நடுப் பின்னில் ஆட்டம் இருக்கிறதா என்று வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். லோன் இருந்த வண்டியானால் பேங்க் என்.ஓ.சி. கைக்கு வரும் வரை பணம் தராதீர்கள்.

காகித வேலையை அலட்சியமாக விடுகிறவர்கள் அதிகம். விவசாயி பெயரில், மானியத்தில், விவசாய உபயோகம் என்று பதிவான டிராக்டரில் கான்ட்ராக்ட் வேலை செய்வதும் மண் அடிப்பதும் வேண்டாம். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடிப்பது இதைத்தான். தொழில் பெயரில் பில் போட்டு, வணிகப் பதிவே செய்யுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, டிராக்டர் டயருக்கும் பல உதிரிபாகங்களுக்கும் 18-லிருந்து 5. கட்டிய வரியைத் திரும்ப எடுப்பது பற்றி ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டிரைவருக்கு எல்.எம்.வி. லைசென்ஸ் வேண்டும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களுக்கு அந்த லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்திருக்கிறது.

முன்பணத்துக்கு முன் டெமோவை ஷோரூம் முற்றத்தோடு முடிக்காமல் உங்கள் சைட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் ரொட்டவேட்டரை மாட்டி, தினமும் ஓட்டப்போகிற டிரைவரையே உட்காரவைத்து அரை நாள் ஓட்டுங்கள். உயரம் குறைந்தவருக்குக் கிளட்ச் முழுதாக எட்டுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். ரிவர்ஸில் போகும்போது கழுத்தைத் திருப்பினால் ரொட்டவேட்டர் முழுதாகத் தெரிகிறதா என்றும் அவரையே கேளுங்கள். டெலிவரி நாளில் இன்னொன்று: டிரெய்லருக்குத் தனிப் பதிவும் தனி இன்சூரன்ஸும் வேண்டும். டிரெய்லரின் சேசிஸ் தகட்டில் உள்ள எண்ணும், ஆர்.சி.யில் உள்ள எண்ணும், பாலிசியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று குனிந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.