சொல் வன்மையும் சபையின் கடமையும்

நம் சங்கத்தின் மகாசபையில், பத்துப் பங்கு உடையவருக்கும் ஒரு பங்கு உடையவருக்கும் வோட்டு ஒன்றே. இது நமக்குப் பெருமை தரும் உரிமை. ஆனால் வோட்டுகளைத் திரட்டும் வழிகள் இரண்டு. கணக்கைக் காட்டி அறிவை இணங்கச் செய்வது ஒன்று. கோபத்தையும் அச்சத்தையும் கிளறிவிடுவது மற்றொன்று. இரண்டாம் வழியில் செல்பவரைக் கிரேக்கர் 'டெமகோகோஸ்' என்றனர். 'மக்களை நடத்திச் செல்பவர்' என்பதே அதன் பொருள். நாளடைவில் அது பழிச்சொல்லாயிற்று.

கி. மு. 427-ல் ஏதென்ஸ் நகரில் நடந்த ஒன்றை வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் எழுதி வைத்துள்ளார். லெஸ்பாஸ் தீவிலுள்ள மிட்டிலீனி நகரம் ஏதென்ஸுக்கு எதிராகக் கலகம் செய்து, முற்றுகைக்குப் பின் சரணடைந்தது. சினங்கொண்ட மக்கள் சபை, அந்நகரின் வயதுவந்த ஆண்கள் அனைவரையும் கொல்லவும், பெண்டு பிள்ளைகளை அடிமைகளாக்கவும் தீர்மானித்துக் கப்பலையும் அனுப்பிவிட்டது. மறுநாள் அவர்களுக்கு மனம் உறுத்தியது. சபை மீண்டும் கூடிற்று.

முதல் தீர்மானத்தைக் கொணர்ந்த கிளியோன் எழுந்தார். மறுத்துப் பேசுவோர் கைக்கூலி பெற்றவராகவோ, சொல் வித்தை காட்டுபவராகவோ இருக்கவேண்டும் என்றார். இரக்கம் ஆட்சிக்குக் கேடு என்றார். பேச்சைக் கேட்டு மயங்குகிறீர்கள் என்று மக்களையே கடிந்தார். ஆனால் அவர்களை மயக்க அவர் கையாண்டதும் பேச்சே.

அவரை எதிர்த்த டியோடோட்டஸ், கண்ணீரை வரவழைக்க முயலவில்லை. லாப நஷ்டத்தை எடுத்து வைத்தார். சரணடைந்தாலும் சாவே என்றால், இனிக் கலகம் செய்யும் நகரம் கடைசிவரை போரிடும்; வரவேண்டிய வருவாயும் பாழாகும். மேலும், கையில் ஆயுதம் கிடைத்ததும் நகரைச் சரணடையச் செய்தவர்கள் அங்குள்ள பொதுமக்களே என்று நினைவூட்டினார். உயர்ந்த கைகள் ஏறக்குறையச் சமமாயிருந்தன. எனினும் டியோடோட்டஸ் வென்றார்.

இரண்டாவது கப்பல் விரைந்தது. முதற்கப்பலோ ஏறத்தாழ ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றிருந்தது. துடுப்பு வலிப்போர், திராட்சை மதுவும் எண்ணெயும் விட்டுப் பிசைந்த பார்லி மாவை வலித்துக்கொண்டே உண்டனர், முறைபோட்டு உறங்கினர். தளபதி முதல் ஆணையைப் படித்து முடித்து, அதை நிறைவேற்ற இருந்த தருணத்தில் இக்கப்பல் கரை சேர்ந்தது. ஊர் பிழைத்தது. ஆயினும், கலகத்துக்குக் காரணமானவர்கள் என்று ஏதென்ஸுக்கு அனுப்பப்பட்டிருந்தோர் கிளியோனின் பிரேரணைப்படியே கொல்லப்பட்டனர்.

நம் மகாசபையில் உயிரைப் பறிக்கும் தீர்மானம் வருவதில்லை. ஆயினும், "லாபம் முழுவதையும் பங்கிடுங்கள்; சேமநிதி யாருக்காக?" என்ற குரலுக்குக் கைதட்டல் எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். நூல் விலை ஏறிச் சேலை தேங்கும் ஆண்டிலும், மழை பொய்த்துக் கடன் தவணை நிற்கும் ஆண்டிலும் சங்கத்தைத் தாங்குவது அந்நிதியே. ஆதலின், கை தூக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம்:

1. பேசுபவர் கணக்கைக் காட்டுகிறாரா, ஓர் ஆளைச் சுட்டிக் காட்டுகிறாரா?

2. மறுப்பவரைப் பேச விடுகிறாரா, துரோகி என்று வாயை அடைக்கிறாரா?

3. இன்றே முடிவு செய்யவேண்டும் என்று அவர் அவசரப்படுத்துவது ஏன்?

ஏதென்ஸுக்கு இரண்டாவது கப்பல் கிடைத்தது. பங்கிட்டுச் செலவழிந்த பணத்தைத் திரும்பக் கொணரும் கப்பல் எந்தச் சங்கத்திடமும் இல்லை. ஆகவே அங்கத்தினர்கள் அடுத்த மகாசபைக்கு வருமுன் ஐந்தொகையை வாங்கிப் படித்துவிட்டு வருவார்களாக.